கோல்கீப்பர் வீராசாமியைக் கப்பலேற்றியவன்

வீராசாமியைக் கப்பலேற்றி அனுப்பியது துரை அல்ல, நான்!

இதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என் முகம் தெரியாது, எனக்கு உங்கள் முகம் தெரியாது என்பதால் சொல்லத் துணிகிறேன். தெருவில் எதிரே வருகிறவராக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். என் தைரியத்தின் அளவு அவ்வளவுதான்.

பினாங்குக் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் நான் கிராணி, குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பெயர் கூப்பிட்டு, மூட்டை தூக்கும் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது என் உத்தியோகம். மாலையில் அதே ஆட்களைக் கொண்டு நடந்த கால்பந்துக் குழுவுக்கு நானே காரியதரிசி. வீராசாமி பகலில் மூட்டை தூக்குவான். மாலையில் எங்கள் கோல்கீப்பர். மார்க்கெட் தெருவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில், ஒரே அறையில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். எனக்கும் கல்யாணம் கூடிவரவில்லை, அவனுக்கும் கூடிவரவில்லை. அவன் சமைப்பான், நான் பாத்திரம் துலக்குவேன். குடும்பம் என்று எனக்கு இந்த ஊரில் இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது... தோட்டங்கள் மூடின, கப்பல்கள் குறைந்தன. வேலையற்றுப் போன தமிழர்களை இலவசமாகவே இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். அவர்களோடு இடப்பக்கம் ஓடுகிற செல்லையாவும் மனைவி மக்களோடு போய்விட்டான். மாலையில் பந்தை எடுத்துக்கொண்டு பாடாங் மைதானத்துக்குப் போனால், எதிர்க்கட்சி என்று நிறுத்தக்கூட ஆளில்லை.

குழுவைக் கலைத்துவிடலாம் என்று நான் நினைத்தேன். எங்கள் கம்பெனித் துரை விடவில்லை. அவர் சிறு வயதுக்காரர், பந்தாட்டப் பித்து. கம்பெனிகளுக்கிடையே நடக்கும் கோப்பை ஆட்டத்தில் எப்படியும் கலந்துகொள்ள வேண்டும், ஆட்களைத் திரட்டு என்று என்னிடம் சொல்லிவிட்டார். அந்தக் கோப்பைக்கு ஒரு விதி உண்டு. கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவன்தான் கம்பெனிக்காக ஆடலாம். வெளியாளை இரவல் வாங்க முடியாது.

ஆகவே இருந்தவர்களைக் கொண்டு சமாளித்தேன். தராசுக்காரனை வலப்பக்கம் ஓடவிட்டேன். அவன் பந்தை விட்டுவிட்டு எதிராளியைத் துரத்திக்கொண்டு போனான். காவல்காரப் பையனை நடுவில் நிறுத்தினேன். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். பார்க்க வந்த சீனர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

வீராசாமி மட்டும் சிரிக்கவும் இல்லை, சலிக்கவும் இல்லை. ஒவ்வொருவனையும் தனியே அழைத்துப் போய், எங்கே நிற்பது, எப்போது ஓடுவது என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் படகேறி அக்கரைக்குப் போய், பாகான் டாலாம் பக்கம் வேலையற்றுத் திரியும் இளைஞர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு வருவான். அப்படி ஒரு நாள் அந்தோணியைக் கையோடு அழைத்து வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்தவன், ரயிலடியில் கூலியாக இருந்து வேலை போனவன். அவனும் கோல்கீப்பர்தான்!

“இவன விட்டுடாத நடேசு. எனக்கு முட்டி போச்சு. இன்னும் ஒரு வருசம் இழுப்பேன், அதுக்கப்புறம் இவன்தான். கம்பெனியில எப்படியாச்சும் ஒரு வேல வாங்கிக் குடு லா” என்றான் வீராசாமி என்னிடம்.

கவனித்தீர்களா? தனக்கு மாற்றாக வருகிறவனைத் தானே தேடிக் கொண்டுவந்தான். அவனுக்காக என்னிடம் சிபாரிசும் செய்தான். இப்படி ஒருவனை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் காணவில்லை.

நான் துரையிடம் போனேன். புதிதாக ஒருவனையும் சேர்க்க முடியாது என்றார் துரை. இருக்கிறவர்களில் யாராவது இலவசக் கப்பலில் ஊருக்குப் போக இசைந்தால் அந்த இடத்துக்கு அந்தோணியை எடுத்துக்கொள்ளலாம், யார் என்பதை நீயே பேசி முடிவுசெய், உன் ஆட்களை உனக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

யாரை அனுப்புவது? வாரத்தில் பாதி நாள் கள்ளுக்கடையே கதியென்று கிடக்கிற ஒருவன் இருந்தான். அவனை அனுப்பியிருந்தால் ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் செல்லையா போன பிறகு இடப்பக்கம் ஆட அவனை விட்டால் ஆளில்லை! மற்றவர்களுக்கு மனைவி, மக்கள். வீராசாமிக்கோ யாருமில்லை, தனிக்கட்டை. போனால் யாரும் அழப்போவதில்லை... இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அத்தனையும் பொய்! உண்மை வேறு, அதைச் சொல்ல இப்போதும் நாக்கு கூசுகிறது. மைதானத்தில் நான் ஏதாவது கட்டளையிட்டால் பையன்கள் உடனே அசைய மாட்டார்கள். தலையைத் திருப்பிக் கோல் கம்பத்தைப் பார்ப்பார்கள். வீராசாமி தலையசைத்தால்தான் ஓடுவார்கள். காரியதரிசி நான், துரையிடம் பேசுகிறவன் நான், படித்தவன் நான்... ஆனால் குழு அவனுடையது. அது எனக்குப் பொறுக்கவில்லை. கூடவே இருந்து, அவன் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே, உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவன் மீன் கழுவிக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, உன்னை ஊருக்கு அனுப்பச் சொல்லித் துரை உத்தரவிட்டுவிட்டார் என்றேன். அவன் கழுவுவதை நிறுத்தினான்.

“எந்த ஊருக்கு நடேசு?” என்று கேட்டான்.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்து, மீசை முளைத்த பிறகு கப்பலேறி வந்தவன். ஊர் என்றால் எனக்கு வீடு உண்டு, தங்கை உண்டு, என்னைப் பெயர் சொல்லி அழைக்க ஒரு தெரு உண்டு. ‘ஊருக்குப் போவது’ என்று எவன் சொன்னாலும் என் மனக்கண்ணில் என் ஊர்தான் வரும். வீராசாமியோ மலாய் நாட்டிலேயே, அக்கரையில் ஒரு கரும்புத் தோட்டத்தில் பிறந்தவன். தாயும் தகப்பனும் அங்கேயே மண்ணாகிப் போனார்கள். சீனம் பேசுவான், மலாய் பேசுவான். இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. தகப்பனின் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம் என்பதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை வருடம் ஒரே அறையில் இருந்தும் இதை நான் யோசிக்கவே இல்லை. தமிழன் என்றால் எல்லாருக்கும் கடலுக்கு அப்பால் ஒரு வீடு காத்திருக்கும் என்று நம்பியிருந்தேன்... எவ்வளவு பெரிய மூடத்தனம்!

“ஒங்க அப்பா ஊருக்குத்தான். கொஞ்ச நாளைக்கி. நெலம சீரானதும் நானே கூப்பிட்டுக்கிறேன்” என்றேன்.

அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு, துரையிடம் தானே ஒரு வார்த்தை பேசிப் பார்க்கட்டுமா, தன் ஆட்டத்தைப் பார்த்து மெச்சியவர்தானே என்று கேட்டான். அவர் கோபமாக இருக்கிறார், நீ போய்ப் பேசினால் என் வேலைக்கும் உலை வைத்துவிடுவார் என்றேன். அந்த ஒரு பொய்யே போதுமானதாக இருந்தது. என் வேலை போய்விடக் கூடாதே என்பதற்காக, அவன் துரையிடம் போகவே இல்லை.

மீனைக் கழுவி முடித்துக் குழம்பு வைத்தான். நான் சாப்பிட்டேன். வழக்கம்போல நன்றாகத்தான் இருந்தது.

கப்பலுக்குப் போகிற படகுத்துறைக்குக் குழு முழுவதும் வந்திருந்தது. அந்தோணி அழுதான். தன்னால்தான் இவர் போகிறாரோ என்று அவனுக்குச் சந்தேகம். அதை வாய்விட்டே கேட்டான். இல்லையடா, கம்பெனிக் காரியம் என்று வீராசாமி அவன் முதுகில் தட்டினான். பிறகு எல்லாரையும் பார்த்து ஒன்று சொன்னான். என்னைக் கைதூக்கி அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

“இனிமே நடேசு சொல்றத கேளுங்க. அவன் வார்த்ததான் என் வார்த்த.”

நான் எதற்காக அவனை அனுப்பினேனோ, அதையும் அவனே என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நான் திருடியதை அவன் தானம் செய்தான்... இதைவிடக் கொடுமையாக ஒருவனைத் தண்டிக்க முடியுமா? சொல்லுங்கள்!

அதன்பின் பையன்கள் என் சொல்லைத் தட்டவே இல்லை. அந்தோணி சுவர் எழுப்பியதுபோல நின்றான். தராசுக்காரனும் பந்தை எட்டி உதைக்கக் கற்றுக்கொண்டான். கள்ளுக்கடையே கதியென்று கிடந்தவன் இடப்பக்கத்தில் பறந்தான். அடுத்த ஆண்டே கோப்பை எங்களுக்கு! பாண்டு வாத்தியம் முழங்கியது; துரை எல்லார் முன்னிலையிலும் என் கையைக் குலுக்கினார். பையன்கள் மாலை வாங்கி வந்து என் கழுத்தில் போட்டார்கள். விருந்துக்குக் கூப்பிட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்தேன்.

அறை காலியாக இருந்தது. இதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். இந்தச் செய்தியைச் சொல்ல ஒருவன் இருந்தால் போதுமென்று தவித்தேன். அந்த ஒருவன் அவனாகத்தான் இருக்க முடியும். கோப்பையை வென்றால் யாரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டுமோ, அவனையே விற்றுத்தான் கோப்பையை வென்றிருந்தேன். கழுத்து மாலையைக் கழற்றாமலே வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தேன்.

காலம் மெல்லச் சீரானது. கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கின. ஊருக்குப் போயிருந்த செல்லையா சொந்தக் காசில் திரும்பி வந்து, நேரே என்னைத் தேடி வந்தான். நாகப்பட்டினத்தில் வீராசாமியைப் பார்த்ததாகச் சொன்னான்.

தகப்பனின் ஊரைக் கண்டுபிடித்துப் போயிருக்கிறான். நீ எந்தத் தெரு, யார் வகையறா என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் தமிழைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். தண்ணீர் கேட்டால் தள்ளி நிற்கச் சொல்லி ஊற்றியிருக்கிறார்கள். இருப்புக்கொள்ளாமல் நாகப்பட்டினத்துக்கே திரும்பி வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அங்கேயே கொட்டகையில் படுத்துக்கொள்கிறான். பினாங்குக் கப்பல் வருகிற நாளெல்லாம் கரையில் வந்து நிற்பானாம்.

“நம்ம டீம் கப்பு வாங்கிருச்சான்னு கேட்டுச்சுண்ணே. வாங்கிருச்சுன்னு கப்பல்ல வந்த யாரோ சொன்னப்ப அழுதிருச்சு. நடேசு என்னைக் கூப்பிடுவான், தொரை மனசு மாறணும்ல, அதுவரைக்கும் இங்கயே இருக்கேன்னு சொல்லிச்சு” என்றான் செல்லையா.

துரை மனசு மாற வேண்டுமாம்!

அந்த மாதமே துரை என்னை அழைத்தார். வேலை பெருகிவிட்டது, பழகிய ஆட்களாக வேண்டும், இந்தியாவுக்குப் போனவர்களில் யாரையெல்லாம் வரவழைக்கலாம் என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவரே தொடர்ந்தார். அந்தப் பழைய கோல்கீப்பர், எங்கே அவன், ஏன் போனான் என்று எனக்கு அப்போதே வருத்தம்தான், அவனைக் கூப்பிடேன், கம்பெனியே பயணச் செலவைக் கொடுக்கும் என்றார்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? யோசிக்காதீர்கள், எனக்கும் யோசிக்க நேரமில்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். வீராசாமி வந்து இறங்குகிறான். துரையைப் பார்த்து, ‘மன்னித்து மறுபடி எடுத்துக்கொண்டீர்களே’ என்று கும்பிடுகிறான். எதற்கு மன்னிப்பு என்று துரை விழிக்கிறார். இருவரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள்...

“அவன் அங்கே நிலம் வாங்கி, கல்யாணமும் செய்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறான். கூப்பிட்டாலும் வரமாட்டான்” என்றேன்.

துரைக்கு அதைக் கேட்டு உண்மையிலேயே மகிழ்ச்சி. அவனாவது நன்றாயிருக்கிறானே என்றார்.

முதல் தடவை அனுப்பியபோது பஞ்ச காலம், பொறாமை, கோப்பை என்று ஏதேதோ சாக்கு இருந்தது. இரண்டாம் தடவை? எந்தச் சாக்கும் இல்லை. கதவு திறந்திருந்தது, நான் என் கையால் சாத்தினேன்!

சென்ற ஆண்டு துரை வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்த துரைக்கு வீராசாமி என்ற பெயரே தெரியாது. இனி எதுவும் வெளிவராது. இப்போதும் நான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் அவன் அடுத்த கப்பலிலேயே வந்துவிடுவான். எனக்கும் ஆளில்லா அறையில் பேச்சுக்குரல் கேட்டு வெகுகாலமாயிற்று.

ஆனால் அவன் வந்தால் என்ன செய்வான் தெரியுமா? சொன்ன சொல் தவறாமல் கூப்பிட்டுவிட்டாயே என்று என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வான்.

அதனால்தான் இன்னும் கூப்பிடவில்லை.