கீழே வைத்த கோப்பை

என் அக்காவின் கணவர் ஹுமூதுக்கு, சவூதியின் ஹாயில் நகரத்தில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை. யாரையும் நம்பமாட்டார். ஒரு வீட்டில் ஏசி ஓடாமல் இருந்தால், தன்னைப் பார்த்துத்தான் அணைத்தார்கள் என்பார். குளிர்கால மழைக்குப் பிறகு நஃபூத் மணல்மேடுகளில் இரண்டு நாள் கூடாரம் போடப் போனாலும், சுற்றிச் சுற்றித்தான் போவார். போய்ச் சேர்ந்ததும் வண்டியைத் திருப்பி, கிளம்பத் தயாராக நிறுத்துவார்.

"நம்ம பின்னால யாரு மச்சான் வரப்போறா?"

"வரமாட்டாங்கன்னு எழுதிக் குடுப்பியா?"

பயமெல்லாம் நாய்க்காக. ஸஹ்பா, செம்மண் நிறத்துச் சலூகி வேட்டைநாய். எங்கள் ஊரில் மற்ற நாய்களுக்குக் கூடாரத்தின் வெளிப்புறம்தான். சலூகிக்கு எங்கள் கம்பளத்திலேயே இடம். இரண்டு வருடத்துக்கு முன் இதே மணலில், காலில் முள் ஏறி நொண்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் தோல்பட்டை. அதில் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. ஹுமூத் பட்டையைக் கழற்றினார். எண்ணை அழைக்கவில்லை. அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அன்றிலிருந்துதான் அவருடைய சந்தேகம் முற்றியது.

போன குளிர்காலத்தில், கூடாரம் போட்ட இரண்டாம் நாள் மதியம், ஒரு வெள்ளை வண்டி மேட்டில் ஏறி இறங்கியது. ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். ஸலாம் சொல்லி உட்கார்ந்தார். பெயர் ஜத்ஆன் என்றார். வந்தவரிடம் என்ன விஷயம் என்று நாங்கள் கேட்கக்கூடாது, அவராகச் சொல்லவேண்டும்.

"மாஷா அல்லாஹ், நல்ல காலு இவளுக்கு" என்றார்.

ஹுமூத் என்னை வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போனார். "பார்த்தியா? முதல்ல என்னைப் பாக்கல. நாயைப் பாத்தான்."

"கூடாரத்துல பாக்க லட்சணமா இருக்கிறது அது ஒண்ணுதானே, மச்சான்."

"வாயை மூடு. காபி மட்டும் போட்டுடாதே."

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வழக்கப்படி, ஏதாவது கேட்க வந்த விருந்தாளி, ஊற்றிய காபியைக் குடிக்காமல் கீழே வைப்பார். 'குடிங்க, கேட்டது கிடைச்ச மாதிரிதான்' என்று வீட்டுக்காரர் சொல்லியாக வேண்டும். சொன்னால் பேச்சு மாறமுடியாது. சொல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் தலைகாட்ட முடியாது.

ஆகவே தேநீர் கொடுத்தோம். பேரீச்சம்பழமும் வெண்ணெயும் கொடுத்தோம். மறுபடியும் தேநீர். ஜத்ஆன் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை.

"காபிக்கு ஏலக்காய் எடுத்துவர மறந்துட்டோம். மன்னிக்கணும்" என்றேன்.

"அதுக்கென்ன, என் வண்டியில இருக்கு."

அவர் தன்பாட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டே போனார். ஸஹ்பா காதை நிமிர்த்தி எழுந்து நின்றாள். ஹுமூத் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். அவளைப் பட்டென்று தூக்கிக்கொண்டு போய் வண்டிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்.

"வெயில் ஆகாது இவளுக்கு" என்றார், அந்தக் குளிரில்.

காபி கொதித்தது. ஊற்றினேன். ஜத்ஆன் கோப்பையை வாங்கி மெல்லக் கம்பளத்தில் வைத்தார்.

ஹுமூத் கோப்பையையே பார்த்தார். கரி வெடித்தது. வண்டிக்குள் நாய் கண்ணாடியைப் பிராண்டியது. கடைசியில், "குடிங்க. வந்த காரியம் முடிஞ்சதுன்னு வச்சுக்குங்க" என்றார்.

"எங்கிட்ட ஒருத்தி இருந்தா. இதே நிறம்" என்றார் ஜத்ஆன். "ரெண்டு வருஷம் ஆச்சு. முயலைத் துரத்திட்டுப் போனவ திரும்பல. வேற நாய் எதுவும் மனசுக்குப் பிடிக்கல. இவ குட்டி போட்டா எனக்கு ஒண்ணு குடுங்க. அவ்வளவுதான்."

கோப்பையை எடுத்துக் குடித்தார்.

எனக்கு மூச்சு வந்தது. ஒரு குட்டியோடு தீர்ந்தது! ஆனால் ஹுமூத் எழுந்து வண்டிக்குப் போனார். இருக்கைக்கு அடியிலிருந்து அந்தத் தோல்பட்டையை எடுத்துவந்து ஜத்ஆன் முன்னால் வைத்தார். பிறகு வண்டிக் கதவைத் திறந்து, பட்டையில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்:

"ரீஷா."

இரண்டு வருடமாக அவர் வாயில் வராத பெயர். நாய் குதித்திறங்கி, நேராக ஜத்ஆனிடம் ஓடி, அவர் மடியில் முகத்தைப் புதைத்தது. அவர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏன் அழைக்கவில்லை என்று கேட்கவில்லை. அவள் காலிலிருந்த பழைய தழும்பைத் தடவி, "கால் நல்லா ஆறியிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது ஹுமூத் நேர்வழியிலேயே ஓட்டினார்.

"அவனுக்கு முதல்லயே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா ஏன் குட்டி கேக்கணும்?"

"அதான் எனக்கும் புரியல. இதுல ஏதோ இருக்கு."

வெயில்காலம் தொடங்கும் முன் ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு ஜத்ஆன் வீட்டுக்குப் போனார். எங்கள் சத்தம் கேட்டு ரீஷா வாசல்வரை வந்தாள், குட்டி போட்ட வயிறு தொங்கியிருந்தது. காபி வந்தது. ஹுமூத் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார்.

"குடிங்க, ஹுமூத். உள்ளே நாலு குட்டி இருக்கு. பிடிச்சதை எடுத்துக்குங்க" என்று ஜத்ஆன் சிரித்தார்.

ஹுமூத் ஒரே மடக்கில் குடித்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"நாலுன்னு சொல்றான். வயித்தைப் பாத்தா அஞ்சு மாதிரி தெரியுது. எங்க அந்த அஞ்சாவது?"