ஈரமாக இருந்த ஒரே குழி

சில மாதங்களுக்கு முன், பெங்களூரில் மழையே எட்டிப் பார்க்காத கோடையில் நடந்தது இது. கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், தொம்மலூரில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஏரியைப் பராமரிக்கும் தன்னார்வக் குழுவில் இருந்தேன். ஆள் சேர்ப்பதும் நன்கொடை கேட்பதும் என் பொறுப்பு.

முந்தைய ஜூனில் ஒரு கம்பெனி பணம் தந்து, தன் ஊழியர்களையும் பஸ்ஸில் அனுப்பியிருந்தது. ஆளுக்கொரு பச்சை டி-ஷர்ட், ஆளுக்கொரு கன்று, பக்கத்தில் பெயர்ப்பலகை, ஒரு போட்டோ. இட்லி வடை சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். தண்ணீர் லாரி ஜனவரியோடு நின்றது. மார்ச்சில் கரையில் மிஞ்சியவை பெரும்பாலும் பெயர்ப்பலகைகள்தான்.

ஆனால் ஒரே ஒரு குழி மட்டும் எப்போதும் ஈரமாக இருந்தது. அதில் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு புங்கங்கன்று. அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? காவலாளிக்குத் தெரியவில்லை. நடக்க வருபவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அடியில் ஏதாவது குழாய் கசிகிறதோ என்று குச்சியால் கிளறிக்கூடப் பார்த்தேன். ஒரு மாலை அங்கே உட்கார்ந்திருந்தால் விடை கிடைத்திருக்கும். காலையில் மட்டுமே போவது என் வழக்கம்.

ஏப்ரலில் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. கன்றுகளைப் பார்க்க வருகிறார்கள். திருப்தியாக இருந்தால் அடுத்த வருடமும் உதவுவார்களாம். பதறிப்போனேன். நர்சரியிலிருந்து ஆளுயரக் கன்றுகளை வரவழைத்து, அதே பெயர்ப்பலகைகளின் அருகில் நடச் சொன்னேன். குழுவில் யாரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் வரும் நாள் காலையில் கடைசி வரிசை மட்டும் மிச்சமிருந்தது. புங்கங்கன்றைப் பிடுங்கப் போன தோட்டக்காரர் கையை எடுத்துவிட்டார். “பேடா, வேணாம் ஸார், விட்டுடுங்க. நல்லா வேர் பிடிச்சிருக்கு, வர மாட்டேங்குது,” என்றார்.

அது மட்டும் குட்டையாக நின்றால் மற்றவற்றின் மேல் சந்தேகம் வரும் என்று பயந்தேன். அதை வெட்டிவிட்டுப் பக்கத்திலேயே புதுக்கன்றை நடச் சொன்னேன். முப்பது வருடம் வேரைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான்.

வந்தவர்கள் மகிழ்ந்து போனார்கள். தங்கள் பெயரைத் தேடித் தேடிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்க அன்று மாலை திரும்பவும் போனேன். அந்தக் குழியருகே ஒரு பெண் நின்றிருந்தார். கையில் துணிப்பை, அதற்குள் பாதி பாதி தண்ணீருடன் ஏழெட்டு பாட்டில்கள். விசாரித்தேன். அதே கம்பெனியில் துப்புரவு வேலை செய்பவர். நடவு நாளில் இட்லி பரிமாற வந்திருக்கிறார். யாரோ ஒருவர் போனில் பேசிக்கொண்டே கன்றை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போக, இவரே நட்டிருக்கிறார்.

“மீட்டிங்குல பாதி குடிச்சுட்டு வெச்சிட்டுப் போற தண்ணி ஸார். கொட்ட மனசு வராது,” என்றவர், உடனே கேட்டார்: “என் கன்னு எங்க ஸார்?”

காய்ந்துவிட்டது என்றேன்.

“நேத்து சாயந்திரம்கூட துளிர் இருந்துச்சே. சுத்தி எல்லாம் புதுசா நட்டிருந்தாங்க. என்னுது உயிரோட இருக்குது, தொட மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

அதற்கு மேல் பொய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவர் குனிந்து, தரையோடு வெட்டப்பட்டிருந்த தண்டைத் தடவிப் பார்த்தார்.

“உயரமா இருந்தாத்தான் போட்டோல நல்லா இருக்குமா ஸார்?”

கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“இதுவும் தண்ணி கேக்கும்ல,” என்று புதுக்கன்றுக்கு எல்லா பாட்டிலையும் கவிழ்த்துவிட்டு, காக்ஸ் டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அந்த வாரமே கம்பெனிக்கும் குழுவுக்கும் நடந்ததை எழுதினேன். உதவி நின்றது. பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டேன். இப்போது மாலையில் ஒரு குடத்துடன் போகிறேன். அந்த அம்மா வந்தால், மீட்டிங் குறைவான நாட்களில் தண்ணீரும் குறைவு என்று சிரிப்பார். வெட்டுப்பட்ட தண்டு இதுவரை துளிர்க்கவில்லை. துளிர்க்கும் என்று என் படிப்பு சொல்கிறது. தினமும் குனிந்து பார்க்கிறேன்.

மண் ஈரமாக இருப்பதை அத்தனை நாள் கண்டும், அதன் பின்னால் ஒரு மனிதர் இருப்பார் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் இந்த வயதிலும் நான் தேடிக்கொண்டிருக்கும் விடை.