அணைந்த எரிமலைக்கு ஆள் கூட்டிப்போன கதை

மலையேற ஆட்களைக் கூட்டிப்போகிறவளுக்கு மலை ஏறத் தெரிந்தால் மட்டும் போதாது, கேட்ட கேள்விக்குச் சிரிக்காமல் பதில் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். சொந்தக்காரரைச் சுற்றுலா கூட்டிப்போய்ப் பட்டவர்களுக்கு இது புரியும். நான் மொன்றியலில் சனிக்கிழமைதோறும் சம்பளத்துக்கு அந்தப் பாடு படுகிறேன்.

நெருப்பு எங்கே?

ஆற்றுக்குத் தெற்கே நாங்கள் போகும் மலை, ஒரு காலத்தில் பூமிக்கு அடியில் கொதித்த குழம்பு உறைந்து ஆனதாம். இதைக் கேள்விப்பட்ட எங்கள் முதலாளி, செந்தீ வழிகிற படமொன்றைப் போட்டு ‘எரிமலை ஏற்றம், மதியச் சாப்பாட்டுடன்’ என்று விளம்பரம் அடித்து, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தமிழ்க் கடைகளிலெல்லாம் ஒட்டிவிட்டார்.

போன ஆடியில் அதைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பையன் கார்த்திக் வந்தான். மலையடியில் எங்கள் வான் வண்டியை விட்டு இறங்கியதும் பையிலிருந்து இரண்டு சோளப்பொத்தியை எடுத்தான். மேலே சுடுவதற்காம். இது நெருப்பு அணைந்து எத்தனையோ கோடி வருடம் என்று பக்குவமாகச் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

“அணைஞ்சு போச்சுன்னா அதையும் போஸ்டர்ல போட்டிருக்கணும் இல்லக்கா?”

பாரம்

அதே வானில் அஹுன்ட்சிக் பக்கத்திலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி, சிவம் அங்கிளும் பாக்கியம் அன்ரியும். அன்ரி ஒரு பெரிய சட்டி நிறையப் புட்டும் கோழிக்கறியும் கொண்டுவந்திருந்தா. இதைத் தூக்கிக்கொண்டு ஏறேலாது என்றேன். அன்ரி யோசித்தா. கார் தரிப்பிடத்திலேயே சீலையை விரித்து, காலை எட்டரைக்கு எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டா. சாப்பிட்டவர்களுக்கு நித்திரை வந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

“ஏன் பிள்ளை யோசிக்கிறீர்? இப்ப கையில ஒண்டுமில்லைத்தானே, ஏறுவம்.”

தமிழிலிருந்து தமிழுக்கு

பாதி வழியில்தான் எனக்கு விளங்கியது, அங்கிளும் அன்ரியும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. பல்கனியில் நின்ற கறிவேப்பிலைச் சாடியைக் குளிருக்கு முன் உள்ளே எடுத்துவைக்க அங்கிள் மறந்துபோனாராம். ஒரே இரவில் உறைபனி, மரம் பட்டுப்போனது. அன்று மூடிய வாய்.

ஆனால் கதைக்காமல் மலை ஏறமுடியாதே! “பிள்ளை, அவரைத் தண்ணி குடிக்கச் சொல்லும்” என்பா அன்ரி. ஒரு முழம் தள்ளி நிற்கும் அங்கிளிடம் திரும்பி, “அங்கிள், தண்ணி குடியுங்கோ” என்பேன். “குடிச்சிட்டன் எண்டு அவவுக்குச் சொல்லும்.” சொல்வேன். இந்த நாட்டில் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்த்தால் காசு. நான் தமிழைத் தமிழாக்கிக்கொண்டு ஏறினேன். ஒருமுறை களைப்பில் சுருக்கிச் சொன்னதற்கு அன்ரி பிடித்துக்கொண்டா.

“நான் ‘மெதுவா வரச் சொல்லும்’ எண்டெல்லோ சொன்னனான்? நீர் ‘மெதுவா’வை விட்டிட்டீர்.”

பாறையில்

உச்சிக்குக் கொஞ்சம் கீழே கையும் காலும் ஊன்றி ஏறவேண்டிய ஒரு பாறை. அன்ரி ஆடு மாதிரி ஏறிவிட்டா. கார்த்திக்கும் மற்றவர்களும் அவவுக்குப் பின்னால் ஏறி மேலே நின்றார்கள். அங்கிள் நடுவில் பாறையைக் கட்டிப்பிடித்தபடி நின்றுவிட்டார். மேலும் இல்லை, கீழும் இல்லை. நான் கீழே நின்று அவருடைய குதிக்காலைத் தாங்கிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வழியால் இறங்கிய வெள்ளைக்காரர்கள் “போன்ஜூர்” என்றார்கள். அங்கிளும் கன்னம் பாறையில் ஒட்டியபடி ஒவ்வொருவருக்கும் “போன்ஜூர்” சொன்னார். மரியாதையான மனுசன், இளைப்பாறுகிறார் என்று நினைத்துப் போய்விட்டார்கள். ஒரு நாய்க்கும் சொன்னார்.

“கீழ பார்க்க வேண்டாமெண்டு சொல்லும் பிள்ளை!” என்று மேலேயிருந்து அன்ரி. “பார்க்கேல்லை எண்டு சொல்லும்” என்று அங்கிள். அப்போது என் நெற்றியில் ஒரு மழைத்துளி விழுந்தது. அந்தப் பாறை நனைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அங்கிளின் பதிலை மேலே சொல்வதை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் அவருடைய குதிக்காலை அழுத்திப் பிடித்தேன்.

நான் மொழிபெயர்க்காததை அன்ரி கவனித்திருக்கவேண்டும். பாறை விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினா.

“இஞ்ச, என்னைப் பாருங்கோ. வலது காலைத் தூக்குங்கோ... ஐயோ, அது இடதப்பா!”

திரும்பும் வழி

எல்லாரும் பத்திரமாக இறங்கி வானில் ஏறினோம். அங்கிளும் அன்ரியும் முன் சீற்றில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். எனக்குக் கண் கலங்கியது, மறைப்பானேன். பிறகுதான் தொடங்கியது. குளிர்காலம் முழுக்கச் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் இரண்டு பேரும் சொன்னார்கள், ஒரே நேரத்தில். ஹீற்றர் பில், மகளின் மாமியார், யாரோ கலியாணத்தில் யாரோ சிரிக்காதது. லொங்குய்ய் ஊரைத் தாண்டி ஆற்றுப் பாலத்தில் வாகன நெரிசல். வான் நின்றது, வாய்கள் நிற்கவில்லை. எனக்குப் பின் சீற்றிலிருந்து கார்த்திக் என் தோளைத் தட்டினான்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. இவங்களை மறுபடியும் அந்தப் பாறையிலயே விட்டுட்டு வந்துடலாமா?”

இத்தனை சனிக்கிழமைகளில், மலையால் மட்டும் எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை.