ஓட்டுநர் வானமாமலையின் 'கை நடுக்கம்' பற்றி

குற்றச்சாட்டு: 2023 ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை காலை, தாராவித் தொண்ணூறு அடிச் சாலையிலுள்ள சங்க அறையில் கூடிய நமது தென்மாவட்ட வாடகைக் கார் ஓட்டுநர் நலச் சங்கத்தின் செயற்குழு, என் கணவர் திரு. வானமாமலையை டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிச் செல்லும் பணியிலிருந்து நீக்கியது. தீர்மானத்தில் காரணமாக எழுதப்பட்டவை இரண்டே சொற்கள்: கை நடுக்கம். எந்த மருத்துவரும் அவர் கையைப் பார்க்கவில்லை. அவரை அழைத்து எவரும் விளக்கம் கேட்கவில்லை. அதன் பின் 2024 பொங்கலுக்கு வெளிவந்த ஆண்டு மலரில், மூத்த உறுப்பினர் வாழ்க்கைக் குறிப்புகள் என்ற பகுதியில், அவரது படத்தின் கீழ், "கை நடுக்கம் காரணமாக ஸ்டீயரிங்கை விட்டு ஓய்வு பெற்றார்" என்று அச்சிடப்பட்டது.

அந்தக் குறிப்பில் அவர் பிறந்த ஊர் சரியாக இருக்கிறது. எங்களுக்கு ஒரே மகள் என்பதும் சரி. மற்றவற்றைச் சரி என்று ஏற்க முடியாது. ஆகையால் அடுத்த மலரில் அதே பகுதியில் அச்சிடுவதற்காக அவருடைய வாழ்க்கைக் குறிப்பை நானே எழுதித் தருகிறேன். தீர்மானத்தின் நகல், மலரின் அந்தப் பக்கம், கேரேஜ் ரசீதுகள் யாவும் இணைப்பில் உள்ளன. என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். செய்தியைத் திருத்த வேண்டாம்.

வானமாமலை நாங்குநேரிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து, வடாலாவில் லாரி கழுவும் வேலையில் சேர்ந்தார். லாரிக்காரர்களிடமே ஓட்டக் கற்றுக்கொண்டார். பிறகு மாட்டுங்காவில் ஒரு குடும்பத்துக்கு நெடுங்காலம் கார் ஓட்டினார். அந்த வீட்டு அம்மாள் பின் இருக்கையில் அமர்ந்து ஊசியில் நூல் கோப்பாராம், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே. இதை அவர் தம் வாயால் பெருமையாகச் சொன்னது கிடையாது. அந்த அம்மாள் எங்கள் மகள் கல்யாணத்துக்கு வந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சொந்த வண்டி வாங்கிய பிறகு சங்கத்தில் சேர்ந்தார். அவருடைய குணத்தைச் சங்கத்தார் எல்லோரும் அறிவார்கள். ஆளில்லாத சாலையிலும் சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்பார். பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்தாலும் நகரமாட்டார். 'சிக்னல் அண்ணாச்சி' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். ஒரு விதி இருந்தால் அதைச் செய்தாக வேண்டும். அது நல்ல விதியா என்று பார்ப்பது அவர் வேலையல்ல. அவருடைய வாழ்க்கையில் நடந்த நன்மையும் தீமையும் இதிலிருந்தே வந்தன.

சங்கத்தில் அப்படி ஒரு விதி இருந்தது, இன்றும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வாஷி பாலத்தின் மேல் நம் உறுப்பினர் ஒருவரின் வண்டியிலிருந்து முன்சக்கரம் கழன்று ஓடியது. உயிருக்குச் சேதமில்லை. கேரேஜில் நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டதே காரணம் என்று முடிவானது. அன்றிலிருந்து, எந்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலும், வண்டி ஆளை ஏற்றுவதற்கு முன் சங்க அறையை அடுத்த நசீர் டயர் கடைக்குப் போய் நட்டுகளை மீண்டும் இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு.

நசீர் மேலப்பாளையத்துக்காரர், நல்லவர். அவர் இறுக்கும் முறையை அனைவரும் பார்த்திருக்கிறோம். நட்டு முடுக்கும் பானாவின் பிடியில் ஓர் ஆள் நீள இரும்புக் குழாயைச் செருகுவார். ஒரு கையால் வண்டியின் கூரையைப் பிடித்துக்கொண்டு குழாயின் நுனியில் ஏறி நிற்பார். நட்டு கிறீச்சென்று கத்தும் வரை மிதிப்பார். ஒன்று முடிந்ததும் பக்கத்து நட்டு, பிறகு அதற்கடுத்தது.

"நான் மிதிச்ச நட்டு எமனே வந்தாலும் கழறாது அண்ணாச்சி" என்பார்.

"எமன் வந்தா நட்டையா பாய் கழட்டப் போறான்?" என்பார் இவர்.

மற்ற உறுப்பினர்கள் பெரும்பாலும் நசீரிடம் கை காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொரு முறையும் தவறாமல் மிதிக்க வைத்தவர் வானமாமலை ஒருவரே.

2022 மழைக்காலத்தில் காந்தி மார்க்கெட் அருகே தேங்கிய நீரில் வண்டி பாதிச் சக்கரம் வரை நின்றது. மழை முடிந்து சில வாரங்களில் நடுக்கம் தொடங்கியது. மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் இடமும் வலமும் உதறும். காலடியில் பெடலும் துடிக்கும். காலை எடுத்தால் நின்றுவிடும்.

செம்பூரில் கேரேஜ் வைத்திருக்கும் சலாவுதீனிடம் கொண்டுபோனார். அவர் முன்சக்கரங்களைக் கழற்றச் சொல்லி, பிரேக் டிஸ்க் இரண்டையும் மாற்றினார். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. பிரேக் பேடுகள் இருபுறமும் அதைக் கவ்விப் பிடித்துத்தான் வண்டியை நிறுத்துகின்றன. தட்டு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போனால் பிடி சீராக இராது, வண்டி உதறும். புதுத் தட்டு போட்டதும் நடுக்கம் போயிற்று. சில மாதங்களில் திரும்பி வந்தது. தட்டுகளைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தினார். போயிற்று, வந்தது. மறுபடியும் புதுத் தட்டு, புதுப் பேட்.

"அண்ணாச்சி, பிரேக்குல கால வச்சுக்கிட்டே ஓட்டுதீயளோ?" என்று சலாவுதீன் ஒரு நாள் கேட்டுவிட்டார்.

இவர் ரசீதை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அதற்கடுத்து நடுக்கம் திரும்பி வந்தபோது செம்பூருக்குப் போகவில்லை. எத்தனை தடவைதான் ஒரு மனிதரிடம் போய் உங்கள் வேலை நிற்கவில்லை என்று சொல்வது என்று கூச்சப்பட்டார். வேகத்தைக் குறைத்தார். தொலைவிலிருந்தே மெல்ல மெல்ல மிதித்து நிறுத்தினார்.

கோவண்டியிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அவர் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர் சாயிரா. ரத்தம் சுத்திகரித்துத் திரும்பும்போது அவருக்குத் தலை நிமிர்த்த முடியாது. "என்ன அண்ணே, சவுபாட்டி பீச்சுக் குதிரை வண்டியில கூட்டிட்டுப் போறீய போல. அடுத்த தடவை புல்லுக் கட்டு வாங்கிட்டு வாரேன்" என்று கேலி செய்வாராம். கேலி செய்தாரே தவிர, வண்டியை மாற்றித் தரும்படி அவர் யாரிடமும் கேட்டதில்லை என்பதை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவும் இணைப்பில் உள்ளது.

2023 ஆகஸ்ட் மாத நடுவில் சங்கச் செயலாளர் திரு. நாகராஜ் கோவண்டியிலிருந்து சயான் வரை அந்த வண்டியில் முன் இருக்கையில் வந்தார். பாலத்தில் இறங்கும்போது கவனித்தார்.

"என்ன அண்ணாச்சி, கை இந்த ஆட்டம் ஆடுது?"

"கை ஆடல. ஸ்டீயரிங் ஆடுது. கை அதுமேல இருக்கு."

"டிஸ்க் புதுசு, பேட் புதுசுன்னு நீங்கதான சொன்னீய? எல்லாம் புதுசுன்னா பழசு எது?" நாகராஜ் சிரித்தார். "வயசாகுது அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதீய. பேஷண்ட் விஷயம், ரிஸ்க் எடுக்க முடியாதுல்லா."

சலாவுதீனுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். நடுக்கம் திரும்பி வந்த செய்தி சலாவுதீனுக்கே தெரியாது. வண்டி சரியாக இருக்கிறது என்று அவர் உள்ளதைத்தான் சொன்னார். அந்த ஒரு போனை வைத்து மறு ஞாயிறு தீர்மானம் எழுதப்பட்டது.

அன்று வீட்டுக்கு வந்த என் கணவர் ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தபடி நின்றார். நேரம் போகப் போகத் தண்ணீர் அசைந்தது. ஒரு சொட்டு வழிந்தது. அதை அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார். எந்தக் கையும் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் நடுங்கும். நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. சங்கம் எழுதிவிட்டது, எழுதியது விதி.

வண்டி சந்தில் மூடி நின்றது. அவர் முலுண்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் காவலாளியாகப் போனார். மற்றவர்களின் வண்டிகளுக்குக் கதவு திறந்துவிடுவது வேலை. அங்கே டீ கொடுத்தால் இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார் என்று உடன் வேலை செய்பவர் சொன்னார். வீட்டிலும் அப்படித்தான்.

பொங்கல் மலர் வந்த பிறகு வண்டியை விற்றுவிடச் சொன்னார். பிப்ரவரியில் சலாவுதீன் வந்து, விற்பதற்குமுன் பார்க்கலாம் என்று தாமே ஓட்டினார். இவர் பின் இருக்கையில் என்னோடு அமர்ந்தார். சயான் பக்கம் பாலத்தில் இறங்கும்போது சலாவுதீன் பிரேக்கை மிதித்தார். நான் சலாவுதீனின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டு வரை உதறின.

"ஏ, இது எப்ப திரும்ப வந்துச்சு? ஏன் சொல்லல?" என்றார் சலாவுதீன். சற்றுத் தூரம் போனபின், "அப்ப எனக்கும் கை நடுக்கமா அண்ணாச்சி?" என்றார்.

கேரேஜில் சக்கரத்தைக் கழற்ற முயன்றபோது நட்டு அசையவில்லை. முன்பெல்லாம் சக்கரத்தைக் கழற்றியது கடைப் பையன்கள்; இம்முறை சலாவுதீனே பானாவின் மேல் தம் முழுப் பாரத்தையும் போட்டார்.

"யாரு வே இத இறுக்குனது, யானையா? நான் மாட்டுன நட்டு இல்ல இது."

என் கணவர் தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "ஒவ்வொரு தடவையும் இங்க இருந்து நேரா நசீர் கடைக்குத்தான் போவோம் பாய். அவர் மிதிச்ச பிறகுதான் ஆளை ஏத்துவாக."

சலாவுதீன் பானாவைக் கீழே வைத்தார். "என் வேலை மேல அவ்வளவு நம்பிக்கை."

"நம்பிக்கை இல்லாம இல்ல பாய். சங்கத்துல ரூல்" என்றார் இவர்.

"சொல்லியிருக்கலாம்லா."

"எப்படிச் சொல்லதுக்கு? நீங்க மாட்டித் தந்தத இன்னொருத்தர மிதிக்க வைக்கேன்னு உங்க முகத்தப் பாத்து எப்படிச் சொல்லதுக்கு?"

பிறகு சலாவுதீன் வேலையைத் தொடங்கினார். தட்டைக் கழற்றியதும், அது உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு பொருக்குப் பொருக்காக ஏறியிருப்பது தெரிந்தது. வெள்ளத்தில் நின்றதன் மிச்சம். முன்பெல்லாம் துணியால் துடைத்துவிட்டு மாட்டிவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். இம்முறை இரும்பு பளபளக்கும் வரை தேய்த்தார். புதுத் தட்டு போட்டார். நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, இறுக்கத்தின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார். வண்டியின் கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஆங்கிலப் பக்கத்தை நான் அகராதி வைத்துப் படித்திருந்தேன். சக்கரம் மாட்டிய நிலையில் உட்புறமாக, கோணலை ஊசியால் காட்டும் டயல் கேஜைத் தட்டின் மேல் பொருத்திச் சக்கரத்தைச் சுற்றினார். ஊசி இருந்த இடத்திலேயே கிடந்தது.

அதன் பிறகு நசீரை வரவழைத்தார். குழாயோடு வந்த நசீர் வழக்கம்போல் மிதித்தார். சக்கரத்தைத் தூக்கி மீண்டும் சுற்றினார்கள். ஊசி போய்ப் போய் வந்தது.

"ஊசிதான் சரியில்ல" என்றார் நசீர்.

சலாவுதீன் நட்டுகளைத் தளர்த்தி முறைப்படி இறுக்கிச் சுற்றிக் காட்டினார். ஊசி அசையவில்லை. நசீர் மீண்டும் ஒருமுறை மிதித்தார். மீண்டும் ஊசி போய் வந்தது. அதற்கப்புறம் அவர் ஊசியைக் குறை சொல்லவில்லை.

"தட்டு ஒரு மயிரிழை கோணி நிக்குது" என்று சலாவுதீன் விளக்கினார். "இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ஓட ஓட ஒரே இடம் பேடுல உரசும். அந்த இடம் தேயும். மூணு நாலு மாசத்துல உதறும். நான் புதுசு போடுவேன், அண்ணாச்சி நேரா இவன்கிட்ட போவாக. நான் போட, இவன் மிதிக்க."

நசீர் குழாயைச் சுவரில் சாத்தினார். "எல்லாத்தையும் இப்படித்தான மிதிச்சேன். மத்தவங்க வண்டி உதறலயே?"

"மத்தவங்க உன்கிட்ட எங்க வாராங்க?" என்றார் சலாவுதீன்.

நசீர் என் கணவரைப் பார்த்தார். "ரூலப் போட்டது அவங்க. மிதிச்சது நான். கை நடுக்கம் உங்களுக்கா அண்ணாச்சி?" என்றார். அன்றே நாகராஜிடம் போய் நடந்ததைச் சொன்னார். இதை அவருக்கு மரியாதையாக இங்கே பதிவு செய்கிறேன்.

வண்டியை விற்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் கடந்துவிட்டது. பாலத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் அசைவதில்லை. ஆனால் வானமாமலை ஞாயிற்றுக்கிழமைகளில் கோபர்கைரனேயில் இருக்கும் மகள் வீடு வரை மட்டும் ஓட்டுகிறார்; என்னைத் தவிர யாரையும் ஏற்றுவதில்லை. பிரேக் மிதிக்கும்போது சாலையைப் பார்ப்பதற்கு முன் தம் கைகளைப் பார்க்கிறார். வண்டியின் கோளாறு நீங்கிவிட்டது. அவருக்குள் சங்கம் வைத்தது நீங்கவில்லை. மற்ற நாட்களில் முலுண்டில் கதவு திறக்கிறார்.

நான் சங்க அறைக்கு நேரில் போனேன். "நசீர் சொன்னாரு மதினி. தீர்மானம் போட்டாச்சு, மலரும் அச்சாயிட்டு. இப்ப என்ன செய்யதுக்கு? அண்ணாச்சியும் வேற சோலிக்குப் போயிட்டாக. விடுங்க" என்றார் திரு. நாகராஜ். நசீர் கடையில் இறுக்க வேண்டும் என்ற விதியைப் பற்றிக் கேட்டேன். அது பாதுகாப்புக்காகப் போட்டது, எடுக்க முடியாது என்றார். டீ வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

தீர்மானம் எழுத்தில் போடப்பட்டது. மலர் எழுத்தில் அச்சிடப்பட்டது. என் கணவர் எழுத்தில் உள்ளதை மட்டுமே நம்புகிறவர். ஆகவே வாய்வார்த்தையாக எனக்கு எந்தச் சமாதானமும் வேண்டாம். 2024 டிசம்பர் 15-க்குள் செயற்குழு எனக்குக் கடிதம் தர வேண்டும். வானமாமலையின் கை நடுங்குவதாகச் சொன்ன மருத்துவர் யார் என்று அதில் பெயர் குறிப்பிட வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால், தீர்மானம் ரத்து செய்யப்பட்டது என்றும், நோயாளிகளை ஏற்றும் பட்டியலில் அவர் பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது என்றும், நடுங்கியது அவர் கையல்ல என்றும் தமிழில், செயலாளர் கையொப்பமும் சங்க முத்திரையும் இட்டு, என் கணவர் படிக்கும்படி எழுத்தில் பதில் தர வேண்டும்.

இப்படிக்கு,
வா. பேராச்சி
தாராவி, 2024 நவம்பர் 11