ஏழு சுவிட்சில் சேராத பிளக்

மனைவியின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டுப் பதினொரு நாள் ஆகியிருந்தது. சமையல்காரம்மா காலையில் செய்து வைத்துப் போவதை மதியம் மைக்ரோவேவில் சூடுபண்ணிக் கொடுப்பது என் பொறுப்பு. கேஸ் அடுப்பை நான் தொடக்கூடாது. இரண்டு முறை பால் பாத்திரத்தைக் கரியாக்கியவன். அன்று பன்னிரண்டு இருபதுக்குப் பொத்தானை அழுத்தினேன். விளக்குகூட எரியவில்லை. ஆறிய சோறு அவளுக்கு இறங்காது. ஒரு மணி மாத்திரையை வெறும் வயிற்றில் போடவும் கூடாது.

பழுதுபார்ப்பவரைப் போனில் பிடித்தேன்.

"உள்ள ஏதோ போயிருச்சுங்கய்யா. கடைக்குக் கொண்டாங்க. நாலு நாளாகும்."

பெட்டியைப் பார்க்காமலே எப்படிச் சொல்கிறார்? அதே பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன். அதுவும் சூடேறவில்லை. ஆக, மைக்ரோவேவ் மேல் குற்றமில்லை.

அடுப்படியிலிருந்து முகப்பிலுள்ள மின்பெட்டிக்கு ஐம்பத்தெட்டு எட்டு நடக்க வேண்டும். பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீட்டில் எங்கள் பங்குக்கு ஏழு சுவிட்சு. ஒவ்வொன்றாக அணைத்து, எது நிற்கிறது என்று பார்த்தேன்.

"ஃபேனையும் நிறுத்தியாச்சா? கை ஒடிஞ்சது பத்தாதுன்னு வேர்வையில வேற குளிக்கணுமாக்கும்" என்றாள்.

"எண்ணிக்கிட்டு இருக்கேன், பேசாம இரு."

ஏழிலும் மின்சாரம் இருந்தது. அப்படியானால் அந்தப் பிளக்குக்கு வரும் ஒயர் அறுந்திருக்க வேண்டும், அல்லது அது எங்கள் பெட்டியிலிருந்தே வரவில்லை. அடுப்படிச் சுவருக்கு அந்தப்புறம் பங்காளித் தம்பியின் அறை. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்தவர்கள் அன்று காலைதான் சென்னைக்குக் கிளம்பியிருந்தார்கள். பிளக் வைத்த எலக்ட்ரீசியன் அவ்வளவு தூரம் ஒயர் இழுக்கச் சோம்பி, சுவரைத் துளைத்து அங்கிருந்து எடுத்திருப்பானோ? தம்பியைப் போனில் கூப்பிட்டேன்.

"மெயினை அமத்தினியாப்பா?"

"ஆமாண்ணே. எப்பவும் சாமி லைட்டுக்காக விட்டுட்டு வருவோம். மழைன்னு இந்தத் தடவை அமத்திட்டோம்."

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான்.

"அப்ப இத்தனை வருசமா எங்க கரண்ட்லதான் சுட வச்சுச் சாப்பிட்டீகளா? சாவி உங்ககிட்டத்தானே இருக்கு, போட்டுக்கங்கண்ணே."

அவன் மெயினைத் தூக்கிவிட்டு வந்தேன். மைக்ரோவேவில் எண்கள் எரிந்தன. பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குச் சோற்றில் ஆவி பறந்தது. இடது கையால் கரண்டி பிடித்து முழுவதும் சாப்பிட்டாள். மாத்திரை மூன்று நிமிடம்தான் தாமதம்.

பிறகு மகளைப் போனில் அழைத்தாள். "மெக்கானிக்கே கெட்டுப்போச்சுன்னாரு. உங்கப்பாதான் கண்டுபிடிச்சாக" என்று இரண்டே வரியில் முடித்துவிட்டாள். போனை வாங்கி மீதியை நான் சொன்னேன். பதினாறு நிமிடம் ஆயிற்று.