மூணு மணிக்குப் பேசும் ரிசீவர்

போன செவ்வாய்க்கிழமை மதியம், என் ரிசீவர் மூச்சு விட்டது.

சிரிக்காதீர்கள். கிள்ளானில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பத்திரிகைக்குப் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கரில், தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு மூச்சு. இழுத்து... நிறுத்தி... விட்டது.

ரிசீவர் என்றால் டிவிக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டி. ஐந்து ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெரிய மனுஷன். வயது பதினான்கு. பாதி எழுத்து எரியாது. வால்யூமைத் திருகினால் இருமும். அதன் முன்பக்க சாக்கெட்டில், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய வயர்லெஸ் கரோக்கே பெட்டியைச் செருகியிருக்கிறேன். எந்தப் பாட்டும் அந்தப் பெட்டி வழியாகத்தான் ரிசீவருக்குப் போகும்.

புதுசு வாங்கலாமா, வேண்டாமா என்று ஒரு வருஷமாகப் பேச்சு. "இதுவும் உங்களை மாதிரிதான் லா. சத்தம் வரும், விஷயம் புரியாது" என்பாள் என் மனைவி ஜெயா. நான் ரசித்துப் பொறுக்கி வைத்திருக்கும் வாசகங்களில் பாதி, என்னைத் திட்டியவைதான்.

புதன்கிழமை அது பேசியது.

"மணி என்ன?"

ஆண் குரல். தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி. வீட்டில் நான் மட்டும்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். என்ன செய்வது, கேட்டால் சொல்லித்தானே பழக்கம்? "மூணு" என்றேன் சத்தமாக.

அதோடு மூச்சும் நின்றுவிட்டது.

ஜெயாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. மறுநாள் அவள் காதிலேயே விழுந்தது.

"பாப்பா... இருக்கியா?"

எங்கள் வீட்டில் பாப்பா என்று யாரும் கிடையாது. ஜெயா நேராகச் சாமி அறைக்குப் போய்த் திருநீறு எடுத்து வந்து ரிசீவருக்குப் பூசினாள். பிறகு ஐந்து ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக. பிறகு பிரிக்பீல்ட்ஸ் கடைக்குப் போன் போட்டாள். நாளைக்கே புதுசு வர வேண்டும், பழையதையும் கரோக்கே பெட்டியையும் சேர்த்துத் தூக்கிப் போய்விட வேண்டும்.

எனக்கும் மறுப்பில்லை. உண்மையைச் சொன்னால், பாத்ரூம் போகும்போதுகூட லைட்டைப் போட்டுவிட்டுத்தான் போனேன். பட்டப்பகலில்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கடை லோரி வந்தது. பொருத்த வந்தவர் பெயர் குணா. கழற்றுவதற்கு முன், "ஒருதடவை ஓட விடுங்க அண்ணே, கண்டிஷன் பாக்கணும்" என்றார். ஓட விட்டேன்.

"பாப்பா... விழுந்துட்டேன்."

ஜெயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். குணா குனிந்து கரோக்கே பெட்டியைப் பார்த்தார். மைக்கில் யாராவது பேசினால் எரியும் பச்சை விளக்கு எரிந்தது.

"உங்க மைக் எங்க?"

"டிராயர்ல. பேட்டரிகூட இல்ல."

"அப்ப வேற யாரோ இதே மாடல் வச்சிருக்காங்க அண்ணே. ரெண்டும் ஒரே சிக்னல். மிஞ்சிப் போனா அடுத்த வீடு வரைக்கும்தான் எட்டும்." பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "பேய்னா இவ்வளவு மலிவு மைக் வாங்காது."

அடுத்த வீட்டுக்கு வாடகைக்கு வந்து இரண்டு மாதம். ரவாங்கிலிருந்து வந்தவர்கள். காலையில் ஒரு பெண் ஷா ஆலம் ஃபேக்டரிக்குக் கார் எடுத்துப் போவாள், இருட்டியதும் வருவாள். மற்ற நேரம் வீடு பூட்டியே கிடக்கும். யாருமில்லாத வீடு என்றல்லவா நினைத்திருந்தோம்.

கேட்டைத் தட்டினேன். பதில் இல்லை. ஓங்கித் தட்டினேன். எங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஜெயாவின் குரல் வந்தது: "ஏங்க... நீங்க தட்டுறது இங்க, ஸ்பீக்கர்ல கேக்குது."



குணா லோரியிலிருந்து கட்டர் எடுத்து வந்து இரண்டு பூட்டை வெட்டினார். பாத்ரூம் வாசலில் ஒரு பெரியவர் ஒருக்களித்துக் கிடந்தார். கையில் மைக். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"மணி என்ன?"

மூணே கால் என்றேன். பாப்பா வர இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.

எலும்பு எதுவும் முறியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த மகள் சொன்னாள்: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குக் குரல் எழும்பாது. மேல்மாடியில் இருக்கும் அவளைக் கூப்பிடுவதற்காக பாசார் மாலாமில் அந்த மைக்கைத் திங்கட்கிழமைதான் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அவள் வேலைக்குப் போனபின்பும் அவர் அதில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். மேலே காலி அறையில் ஒரு ஸ்பீக்கர், யாருக்கும் இல்லாமல் மணி கேட்டுக்கொண்டு.

"ஆள் இல்லன்னு தெரியும்" என்றார் பெரியவர் மெதுவாக. "சும்மா பேசுறதுதான். ஆனா புதன்கிழமை... சுவத்துக்குள்ளேர்ந்து யாரோ 'மூணு'ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி தூங்கல தம்பி."

ஆக, இரண்டு மாதமாக ஒரே சுவரின் இரண்டு பக்கம் இருந்தவர்கள், கடைசியில் ஒருவருக்கொருவர் பேயாகத்தான் அறிமுகமானோம். ஒரு தட்டு பலகாரத்தோடு அந்தக் கேட்டைத் திறந்திருந்தால் போதுமே?

புது ரிசீவர் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதில் அந்த முன்பக்க சாக்கெட் இல்லை. குணா அட்டைப் பெட்டியைத் திருப்பி லோரியில் ஏற்றினார். ஏற்றச் சொன்னவள் ஜெயா. திருநீறு இன்னும் பழையதன் நெற்றியில் இருக்கிறது.

மகள் அப்பாவுக்குப் பகல் துணைக்கு ஆள் தேடுகிறாள். கிடைக்கும்வரை அந்த வீட்டுச் சாவி எங்களிடம். தினமும் மதியம் பாட்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். மணி கேட்டதும் பக்கத்து வீட்டுக்குப் போய் நேரில் சொல்லிவிட்டு வருகிறேன்.

மூணு மணிக்கு ரிசீவர் பேசாவிட்டால்தான் இப்போது பயமாக இருக்கிறது.