கதவுக்குப் பின்னால் வாசித்தவள்

தங்கச்சிக்கு எழுத்துப் பழக்கிய அரிவரி வகுப்பு ரீச்சர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்த மாலையில் ஐயா முற்றத்துக் கதிரையில் இருந்தார். எங்கள் சரவணை ஊரில் ரீச்சர்மார் பிள்ளைகளின் வீடு தேடி வருவது வழக்கமில்லை. அம்மா பதறிப்போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். தங்கச்சி அதற்கு முன்பே அங்கே ஒளிந்துவிட்டாள். நான் வாசலில் நின்றேன்.

ஐயா ஊர்காவற்றுறையில் ஒரு கந்தோரில் வேலை பார்த்தார். கெட்டவர் அல்லர், எங்களுக்கு இனிப்பு வாங்காமல் வீடு வந்ததில்லை. ஆனால் விளக்கு வைத்ததும் பூவரசந் தடியை முறித்துக்கொண்டு தங்கச்சியைப் படிக்கக் கூப்பிடுவார். ஆட்டைக் கட்டப் போகும்போது எழுத்துகளைப் பாட்டாகவே பாடுகிறவள், அவர் முன்னால் 'இ'க்கு அடுத்தது தெரியாமல் நிற்பாள். நிற்க நிற்க அடி விழும். அடி விழ விழ, இருந்த எழுத்தும் போய்விடும். இன்று என் பேரன் பிழையாக வாசித்துவிட்டுத் தானே சிரிக்கிறான். பிழை விட்டுச் சிரிக்க ஒரு பிள்ளையால் முடிவது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துக்கொள்வேன்.

ரீச்சர் தேத்தண்ணியைத் தொடவில்லை.

"குறை நினைக்காதேங்கோ. நான் கரும்பலகையில எழுதக் கையைத் தூக்கினால் உங்கட மகள் தலையைப் பொத்திக்கொண்டு இருக்கிற வாங்குக்குக் கீழ போறாள். மற்றப் பிள்ளையள் எழுத்தைப் பாக்குதுகள். இவள் என்ர கையைத்தான் பாக்கிறாள். பிறகு எப்பிடிப் படிப்பு ஏறும்?"

ஐயாவின் முகம் இறுகியது. "நானும் அடி வாங்கித்தான் உத்தியோகத்துக்கு வந்தனான். அடியாமல் இந்த மொக்குக்குப் படிப்பு வராது, ரீச்சர்."

குசினிக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல்: "புத்தகத்தை எடு குஞ்சு. இஞ்ச ஒருத்தரும் இல்லை. எனக்கு மட்டும் வாசி."

தங்கச்சி வாசித்தாள். வகுப்பில் இன்னும் தொடாத பக்கங்களையும் திக்காமல் வாசித்தாள். ஐயா எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார். ஐயாவுக்குக் கேட்கட்டும் என்றுதான் வாசிக்கச் சொன்னாரா என்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை.

அதன்பின் ஐயா தடி முறிக்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் வெளியே போய்விடுவார். குசினியில் அம்மாவுக்கு வாசித்து வாசித்தே தங்கச்சி வகுப்பேறினாள். வளர்ந்து வேலையும் எடுத்தாள். ஆனால் ஐயா முன்னால் ஒரு வரிகூட வாசித்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

1980களின் தொடக்கத்தில் ஐயாவுக்குக் கண் மங்கியது. ஒரு காலை தங்கச்சி பேப்பரை எடுத்துக்கொண்டு தானாகவே அவர் பக்கத்தில் போய் இருந்து வாசிக்கத் தொடங்கினாள். அப்போது அவளுக்கே ஒரு மகள் இருந்தாள். பாதியில் ஐயா பலமாக இருமினார். அவள் குரல் அறுந்து நின்றது. தாளைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின. அடி நின்றுபோனாலும், அது வரும் என்று காத்திருக்கும் பழக்கம் உடம்பை விட்டுப் போவதில்லை.

"இருமல்தான், பிள்ளை," என்றார் ஐயா. "நீ வாசி."

அவள் வாசித்தாள். அடுத்த நாளும் வாசித்தாள். ஐயா தோளில் கிடக்கும் துவாயை வாயில் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை இருமலை அடக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பார்.